காகித நெருப்பும் துணிப் புகையும்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்ற ஒரே குற்றத்துக்காகத்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் போடப் போகிறோம், நாடகத்தில் புகை எழும்ப வேண்டும், நெருப்பு எரிய வேண்டும், மின்னல் வெட்ட வேண்டும், மழை பெய்ய வேண்டும், ஆனால் ஒரு பிள்ளையின் தலைமயிர்கூடக் கருகக் கூடாது என்று அதிபர் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆசிரியர் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலை. நான் நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். கணவருக்கு எங்கோ மலைப்பக்கம் ஒரு கஷ்டப் பிரதேசத்தில் ஆசிரியர் வேலை. கிடைத்த லீவுக்கு வருவார், வந்த களைப்பு ஆறமுதல் திரும்பிப் போவார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் சோறு, கறி, பிள்ளைகளின் அழுகை, பஸ், பாடம், பாடம், பாடம், திரும்பப் பஸ். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தேன். இந்த நிலையில் என்னிடம் மந்திர வித்தை கேட்டார்கள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது, நாடகத்தை எழுதிய தமிழ் டீச்சர் என் பக்கமாகக் குனிந்து, ஜின்னாக நடிக்கப் போகிற பிள்ளை யாரென்று காதோடு சொன்னா. அதற்குப் பிறகு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் இதே பாடசாலையில், இதே மேடையில் ஒரு நாடகம் நடந்தது. மேடை சோடிக்க வெளியிலிருந்து ஒரு ஆளைப் பிடித்திருந்தார்கள். ராஜா வரும் நேரம் பளிச்சென்று வெளிச்சம் வர வேண்டும் என்று அவர் ஒரு தகர டின்னுக்குள் ஏதோ மருந்தைப் போட்டுக் கொளுத்தினார். வெளிச்சம் வந்தது. கூடவே ஒரு பொறி பறந்து, பக்கத்தில் நின்ற பிள்ளையின் நைலெக்ஸ் உடுப்பில் விழுந்தது. நைலெக்ஸ் சாம்பலாவதில்லை, உருகித் தோலில் ஒட்டும். நான் சபையிலிருந்து ஓடிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒருத்தி பற்பசையைக் கொண்டுவந்தாள், ஒருவர் மை பூசச் சொன்னார், இன்னொருவர் தேங்காயெண்ணெய் என்று கத்தினார். எல்லோரையும் ஏசித் துரத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பிள்ளை உயிர் தப்பியது. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, மினுமினுத்து, வேறு யாருடையவோ கை போல ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையைத் தாய் வீட்டோடு வைத்துக்கொண்டா. ஒரு வருடம் பாடசாலைப் பக்கமே அனுப்பவில்லை. தகப்பன் கரைவலைக்குப் போகிற மனிதர், வீட்டில் தாய் சொன்னதுதான் சட்டம். வகுப்பாசிரியையும் நானும் பல தடவை போய்க் கெஞ்சிய பிறகுதான் அனுப்பினா. படிப்பில் கெட்டிக்காரி. அந்தப் பிள்ளைதான் இப்போது, நாடகம் என்று கேள்விப்பட்டதும், தானாகவே போய் எனக்கு ஜின் வேஷம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவள் அடுப்பையே கேட்டாள்.

“ஏன்டி உனக்கு இந்த வில்லங்கம்?” என்று எரிச்சலோடுதான் கேட்டேன்.

“அண்டைக்கு என்ட வசனத்தச் சொல்லக் கிடைக்கல்ல டீச்சர்” என்றாள். “நல்லாப் பாடமாக்கி வெச்சிருந்தன். சொல்ல முந்தி நெருப்புப் பத்திட்டு.”

கை வெந்ததை விட வசனம் போனதுதான் அவளுக்குப் பெரிய நட்டமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏசவும் மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாய் வந்தா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆய்வுகூட வாசலில் நின்றா. உள்ளே வந்து இருங்கள் என்றேன். இருக்கவில்லை.

“சோறு தின்னாமக் கிடக்கா டீச்சர். நடிக்க விடாட்டிப் பச்சத் தண்ணியும் குடிக்க மாட்டன் எண்டு செல்றா. நான் என்னத்தச் செய்ய? எனக்குப் பரிசும் வேணாம், படிப்பும் வேணாம், புள்ள எனக்கு உசிரோட வேணும். நீங்க நெருப்பு இல்லாமச் செய்யிற எண்டு அதிபர் சென்னார். மெய்தானா?”

“மெய்தான். நெருப்புக்குச்சிகூட மேடைக்குக் கிட்ட வராது.”

“வந்தா, ஒரு பொறி பட்டாலும், அண்டையோட பள்ளிக்கூடம் சரி. நான் அவவ வீட்டுல வெச்சிருவன். பொறகு நீங்க வந்து கெஞ்சினாலும் அனுப்ப மாட்டன்.”

சொல்வதைச் செய்கிற மனுசி என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் வீட்டோடு இருத்திய பிள்ளைகள் பிறகு எதற்காக வெளியே வந்தார்கள் என்றும் தெரியும், கலியாணத்துக்குத்தான். ஆகவே அந்த நாடகத்தில் என் வேலை புகையும் நெருப்பும் காட்டுவது மட்டுமல்ல என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. நான் சறுக்கினால் அந்தப் பிள்ளையின் படிப்பு அதோடு போயிற்று.

தமிழ் டீச்சர் பாண்டிருப்பைச் சேர்ந்தவ. என்னைவிட வயதில் குறைந்தவ, எதற்கும் களைக்காதவ, அதனாலேயே எனக்கு அவவைக் கண்டால் சில நாட்களில் எரிச்சல் வரும். அவவின் நாடகம் இதுதான். மழை பொய்த்த ஒரு வருடத்தில் ஏழை விவசாயி ஒருவன் வறண்ட வயலில் கிணறு வெட்டுகிறான். மண்ணுக்குக் கீழே, ஊருக்குத் தண்ணீர் காத்த ஒரு ஜின் காலங்காலமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அது புகையோடு எழும்புகிறது. வயலுக்கெல்லாம் சொந்தக்காரரான ஊர்ப் போடியார் அதை மறிக்க நெருப்பு மூட்டுகிறார். ஜின் நெருப்பைக் கடந்து போகிறது, மழை கொட்டுகிறது.

ஜின் என்றதும் அதிபர் தயங்கினார். “பள்ளிவாசல் ஆக்கள் கதைப்பாங்க டீச்சர்.”

“இது நல்ல ஜின் சேர். அஞ்சு நேரமும் தொழுற ஜின்” என்று பாண்டிருப்பு டீச்சர் சொன்னா. அதிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடகத்துக்கு அனுமதியும் வந்துவிட்டது.

இடியும் மழையும் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. ஒரு பழைய கூரைத் தகரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டினால் இடி. தகரத்தின் விளிம்பு கையை வெட்டும் என்பதால் சுற்றிவரச் சாக்குத் துணி வைத்துத் தைத்தோம். சுளகில் நெல்லைப் போட்டு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து உருட்டினால் மழை. சம்மாந்துறைப் பக்கமிருந்து வருகிற ஒரு பிள்ளை, நெல்லை விட உளுந்து நல்ல சத்தம் தரும் என்றாள், இரண்டையும் கலந்தோம். மின்னலுக்கு, வயல் காவலுக்குப் போகிறவர்கள் ஆனைக்கு அடிக்கிற நீட்டு டோர்ச் லைட் இரண்டை இரவல் வாங்கி, முன்னால் ஒரு மட்டையை வைத்துத் திறந்து மூடினோம். பற்றரியில் எரிகிற வெளிச்சம், வயர் இல்லை, சூடு இல்லை.

நெருப்புக்கு அதிபரின் மேசை விசிறியைக் கேட்டேன். தந்தார், தந்த பிறகு அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் தன் விசிறியைக் கவலையோடு பார்த்துவிட்டுப் போனார். விசிறியை மல்லாக்க வைத்து, சுற்றிவர ஒரு மரச்சட்டம் அடித்து, பிள்ளைகளின் விரலோ தாவணியோ உள்ளே போகாதபடி மேலே நுளம்பு வலையை இறுக்கிக் கட்டினோம். அந்த வலையில் மீலாத் விழாவுக்குக் கொடி ஒட்டுகிற மெல்லிய தாளைச் சிவப்பிலும் மஞ்சளிலும் நீளமாகக் கிழித்து ஒட்டினோம். கீழே சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு டோர்ச். விசிறியைப் போட்டதும் தாளெல்லாம் எழும்பி நெளிந்து ஆடியது. முதல் தடவை பார்த்தபோது நானே ஒரு அடி பின்னால் போனேன். வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஆளியை என் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். நெருப்பே இல்லாத மேடைக்குப் பக்கத்தில் நான்கு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்குகளும் வைத்தேன். தமிழ் டீச்சர் கேலி செய்தா. செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

புகைதான் என் உயிரை எடுத்தது. சாம்பிராணி போடுவோம் என்றார்கள். சாம்பிராணிக்குத் தணல் வேண்டும், தணல் என்றால் நெருப்பு, முடியாது. கேத்தலில் கொதிக்கவைத்து ஆவியைக் குழாயில் விடுவோம் என்றார்கள். ஆவி நெருப்பை விட மோசமாகச் சுடும், முடியாது. முகப் பவுடரை சைக்கிள் பம்பில் போட்டு ஊதிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. முட்டு வருத்தம் உள்ள ஒரு பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்துப் போனாள், அதையும் விட்டோம். மீன் ஐஸைக் கொண்டுவந்து சுடுதண்ணீர் ஊற்றினால் புகை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தோம். புகை வரவில்லை, மண்டபம் முழுக்கச் சூரை மீன் நாற்றம்தான் வந்தது. ஒவ்வொரு நாளும் பிந்திய பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தால் என் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இந்த உலகத்தில் ஜின் எழும்பாவிட்டால் யாருக்கு என்ன குறை என்று பல தடவை நினைத்தேன்.

ஒரு நாள் வீட்டில் உடுப்புக் காயப்போடும்போது, கடற்காற்று என் ஈரத் தாவணியைக் கொடியிலிருந்து பிடுங்கி மெதுவாக எழுப்பிக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. மேடை முழுவதும் மெல்லிய துணியைப் பரப்பி, இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிடித்து அலைபோல ஆட்டினால், கீழிருந்து நீல வெளிச்சம் அடித்தால், அது புகைதான். சுடாது, இருமாது, நாறாது. பிள்ளைகளின் வீட்டுப் பூப்போட்ட படுக்கை விரிப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். நன்றாக வந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

தாய் ஒத்திகை பார்க்க வந்தது அந்த வாரம்தான். புகையைப் பார்க்கவில்லை, அவவுக்கு அது வேண்டியதுமில்லை. “நெருப்பக் காட்டுங்க” என்றா. விசிறியைப் போட்டேன். தாள்கள் எழும்பியாடின. மகளின் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் கையைத்தான் முதலில் நீட்டினா. சிவப்புத் தாள்கள் அந்தக் கையைச் சுற்றி நக்கின. கையை எடுக்கவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாவோ.

“குளிருது” என்றா கடைசியாக. பிறகு என்னைப் பார்த்து, “இதுக்குப் போய் ஆக்கள் கை தட்டுவாங்களா?” என்று கேட்டா.

“தட்டுவாங்க.”

“சரி டீச்சர். உங்கட வாக்க நம்பித்தான் விடுறன். நான் சென்னது சென்னதுதான்.”

விழாவுக்குச் சில நாள் முன் பாடசாலை விட்டதும் பசாருக்குப் போனேன். பூப்போட்ட புகை எழும்பாது, வெள்ளைத் துணி வேண்டும். தெரிந்த புடவைக் கடைதான். வெள்ளை, மெல்லிசாக, விலை குறைந்ததாக, இத்தனை யார் நீளம் என்று சொன்னேன். வழக்கமாக வாய் ஓயாமல் கதைக்கிற கடைக்காரர் அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை. அளந்தார், கத்தரிக்கோலை எடுக்காமல் கையாலேயே கிழித்தார், காகிதத்தில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினார். காசைப் பிறகு பார்ப்போம் என்றார். நான் விடாமல் கொடுத்தேன்.

“அல்லாஹ் லேசாக்கி வெப்பான் டீச்சர்” என்றார் மெல்லிய குரலில்.

என் முகத்தில் இருக்கிற களைப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு கடைக்காரனுக்குத் தெரிகிறது, அதிபருக்குத் தெரியவில்லையே என்று மனதுக்குள் முறைப்பட்டுக்கொண்டு, “ஆமீன்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

துணி அழுக்காகக் கூடாது என்பதற்காக அதை ஒத்திகைக்கு எடுக்கவில்லை. ஒரு பிள்ளை தன் வீட்டு அலுமாரியில் வைத்திருந்து விழா அன்று கொண்டுவந்தாள். புதுத் துணியின் கஞ்சி மணம் போக உம்மா அத்தர் தெளித்துத் தந்தா என்றாள். நல்லது என்றேன்.

விழா பின்னேரம், அசர்த் தொழுகைக்குப் பிறகு. மண்டபத்து ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து இருட்டாக்கியிருந்தோம். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். பெண்கள் பகுதியின் முன்வரிசையில், மேடைப் படிக்குக் கிட்டவாக, அந்தத் தாய் இருந்தா. பார்வை முழுக்க மேடைப் பக்கம்தான். பேச்சுகளும் பரிசுகளும் முடிந்து நாடகம் தொடங்க நேரமாகிவிட்டது. புகைத் துணிக்குக் கீழே குந்தியிருந்த ஜின் ஒரு மூட்டை போலத் தெரிகிறது என்று கடைசி நேரத்தில்தான் கண்டேன். குந்தியிருக்க வேண்டாம், படுத்துக்கொள் என்றேன். “நீட்டி நிமிர்ந்து படு. கையை உடம்போடு ஒட்டி வை. தலையையும் மூடிக்கொள். விவசாயி கூப்பிடும் வரைக்கும் அசையாதே.” என் வாயால் நானேதான் சொன்னேன். எத்தனையோ விடயத்தை யோசித்தவள். வயரை யோசித்தேன், விசிறியை யோசித்தேன், தகர விளிம்பை யோசித்தேன், காற்றில் பறக்கிற பவுடரைக்கூட யோசித்தேன். எல்லாவற்றையும் நெருப்பாகவும் சூடாகவும்தான் யோசித்தேன்.

திரை விலகியது.

மேடையில் மங்கிய நீல வெளிச்சம். நடுவில் மண்வெட்டியோடு விவசாயி, கரியால் மீசை கீறிய ஒரு பிள்ளை. அவளுக்கு முன்னால் மண்ணைக் குவித்துக் காட்டிய குழி. குழியோரம், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் மூடி, நீட்டி நிமிர்ந்து கிடக்கிற ஓர் உடம்பு. மண்டபத்து விசிறிக் காற்றில் அத்தர் மணம் சபைக்குள் போனது.

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. பிறகு பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒரு கிழவி, நாடகம் என்பதையும் மறந்து, “இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்று மரணத்துக்குச் சொல்கிறதைச் சொன்னா. அந்த வரிசை முழுவதும் அதைச் சொல்லிற்று. கைகள் தானாக முக்காட்டைச் சரிசெய்தன. ஆண்கள் பக்கம் தொப்பி போடாதவர்கள் கைலேஞ்சியை எடுத்துத் தலையில் போட்டார்கள்.

அப்போதுதான் என் கண்ணுக்கு அது தெரிந்தது. பசாரில் அந்தக் கடைக்காரர் எனக்கு எதைக் கிழித்துத் தந்தார், ஏன் விலை பேசவில்லை, எதை லேசாக்கச் சொல்லி துஆக் கேட்டார் என்பதெல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. எங்கள் ஊரில் கதைக்காமல் அளந்து, கையால் கிழித்துக் கொடுக்கிற வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான், இறந்தவரைச் சுற்றுகிற கபன். மேடையில் புகை இருக்கவில்லை. மையித்து ஒன்று கிடந்தது. கபனிட்டு, அத்தர் பூசி, கபுறுக் குழி வெட்டி, மண்வெட்டியோடு ஆளும் நிற்கிற மையித்து.

அந்தத் துணிக்குக் கீழே கிடப்பது யாரென்று சபையில் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்த ஒருத்தி முன்வரிசையிலிருந்து எழும்பினா.

படியருகே வாளிகளோடு நின்றது நான்தான். மறித்திருக்கலாம். கையை நீட்டினால் போதும். “இது துணி, சும்மா துணி” என்று சொல்லியிருக்கலாம். அவவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே முகம். என் கால் தானாக ஒதுங்கியது, காலில் பட்ட வாளி கவிழ்ந்து படியெல்லாம் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு மேடைக்கு ஏறினா. விவசாயி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு விலகி நின்றாள். துணியைப் பிடித்திருந்த பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். தாய் முழங்காலில் விழுந்து, தலைமாட்டுப் பக்கமாகத் துணியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தா.

நான் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். துணி விலகியது தெரிந்தது, அதைத் தன்னைக் கூப்பிடுகிற சைகை என்று நினைத்துவிட்டாள். கண்ணைத் திறக்காமலே எழும்பி இருந்து, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, தன் வசனத்தைச் சொன்னாள்.

“யார்? யார் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது?”

“நான்தான் மகள்” என்றா தாய். “உம்மாதான்.”

பிள்ளை கண்ணைத் திறந்தாள். தாய் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு, கன்னம், நெற்றி, மூக்கு என்று தடவிப் பார்த்தா. பவுடரும் மையும் கையில் ஒட்டின. “உம்மா,” என்று பிள்ளை மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது, “நாடகம் நடக்குது உம்மா.”

முடிந்தது என்று நினைத்தேன். இப்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவா, நாளையிலிருந்து வகுப்பில் அவளுடைய மேசை வெறுமையாகக் கிடக்கும். ஒரு பொறிகூட விழவில்லை, ஆனாலும் நான் தோற்றுவிட்டேன். திரையை மூடச் சொல்லிக் கையைக் காட்டினேன். திரை இழுக்கிற பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கு நான் தெரியவில்லை.

தாய் எழும்பவில்லை. அந்த வெள்ளைத் துணி முழுவதையும் கை கையாக இழுத்தெடுத்து, மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, மேடையின் ஓரத்துக்குத் தள்ளிப்போய் இருந்தா.

“இது இனி வேணாம்” என்றா, என்னைப் பார்த்தோ எல்லோரையும் பார்த்தோ. “நான் இஞ்ச இரிக்கன். நீ ஆடு, கிளி.”

கரி மீசைக்காரப் பிள்ளைக்குத்தான் முதலில் புத்தி வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொன்னாள். ஜின் பதில் சொன்னது. நாடகம் தட்டுத்தடுமாறி நடந்தது. போடியார் நெருப்பு மூட்டினார், நான் ஆளியைப் போட்டேன், காகிதம் எழும்பி ஆடியது. ஜின் அதைக் கடந்து போனபோது அதன் நீட்டுக் கைச்சட்டை காற்றில் மேலே ஏறி, இடது கை முழங்கை வரை சபைக்குத் தெரிந்தது. இடி இடித்தது, உளுந்தும் நெல்லும் மழையாகப் பெய்தன. ஆட்கள் கை தட்டினார்கள். புகை வருகிற கட்டம் நாடகத்தில் பிறகு இருக்கவில்லை, அதை யாரும் கேட்கவுமில்லை. ஓரத்தில் இருந்த மனுசி கடைசி வரைக்கும் அசையவில்லை.

சனம் கலைந்த பிறகு, அதிபரிடம் ஏச்சு வாங்க முந்தி, அவவிடம் வாங்கிக்கொள்வோம் என்று நானே போனேன். மேடைப் படியில் ஈரத்தோடு இருந்தா. பிள்ளை பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று யோசித்து யோசித்து, “நெருப்பு இருக்கல்ல” என்றுதான் என் வாயில் வந்தது. சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது.

“இருக்கல்லதான்” என்றா. “நான் பொய் செல்ல மாட்டன். நீங்க சென்ன வாக்குக்கு ஒண்டும் வரல்ல.”

அவ மடியிலிருந்த துணியைப் பார்த்தா.

“டீச்சர், ரெண்டு வருஷமா நான் அவட கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தன். சோறு குடுக்கக்குள்ளயும் கை, தலை வாரக்குள்ளயும் கை, படுத்துக் கிடக்கக்குள்ளயும் கை. இண்டைக்கித்தான் புள்ளட முகத்தப் பாத்தன். பெரிய பொம்புளயாகிட்டா டீச்சர். எனக்குத் தெரியாமப் போயிட்டு.”

பிறகு எழும்பி, சேலையின் ஈரத்தைப் பிழிந்துவிட்டு, “திங்கக்கிழமை அனுப்புறன்” என்றா. நான் அந்த ஈரப் படியிலேயே இருந்து, அத்தனை நாள் களைப்பும் சேர, சத்தம் போட்டு அழுதேன்.